பத்தடி அறைக்கு எந்த லென்ஸ்?

“எவ்வளவு ஜூம் வேணும் சார்?” கேமரா கடைகளில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி இது. கிராப் சென்சார் கேமரா ஒன்றை வாங்கி, கூடவே வந்த 18–55 கிட் லென்ஸில் ஓராண்டு ஓட்டிவிட்டு, அடுத்த லென்ஸுக்குக் காசு சேர்த்தவர் பெரும்பாலும் 18–200 என்று எழுதியிருக்கும் டப்பாவைக் கையில் எடுப்பார். பெரிய எண் கூடுதல் பயன் தரும் என்பது அவர் கணக்கு. அன்றாடம் கேமராவிலேயே மாட்டிக் கிடக்க வேண்டிய லென்ஸைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு தலைகீழானது. பார்க்க வேண்டியது இரண்டாவது எண்ணை அல்ல, முதல் எண்ணை. அதற்கடுத்து, முகங்களை நெருங்கி எடுக்கும்போது லென்ஸ் எவ்வளவு ஒளியை உள்ளே விடுகிறது என்பதை.

கிராப் சென்சார் என்ற பெயரே ஒப்பீட்டில் பிறந்தது. பழைய ஃபிலிம் சட்டம் 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். 1999-இல் வந்த நிக்கான் டி1 கேமராவின் சென்சார் ஏறக்குறைய 23.7க்கு 15.5 மி.மீ.தான். சிலிக்கான் தட்டிலிருந்து சில்லுகளை வெட்டும்போது ஒவ்வொன்றும் பெரிதாக இருந்தால் எண்ணிக்கை குறையும், பழுது விழும் வாய்ப்பு கூடும், விலை ஏறும். எனவே சிறியதே கட்டுப்படியானது. லென்ஸ் அதேதான், ஆனால் அது வரையும் காட்சியின் நடுப்பகுதி மட்டுமே சென்சாரில் விழுகிறது. இதனால், ஃபிலிம் சட்ட அளவே உள்ள ஃபுல் ஃபிரேமில் 27 மி.மீ. காட்டும் அகலத்தைப் பெற இங்கே 18 மி.மீ. தேவைப்படுகிறது, பெருக்க வேண்டிய எண் 1.5. கேனானில் சென்சார் இன்னும் கொஞ்சம் சிறியது, அங்கே அந்த எண் 1.6. சுருங்கச் சொன்னால், தொலைவுப் பக்கம் கிராப் சென்சார் நமக்குச் சலுகை கொடுக்கிறது, அகலப் பக்கம் அதை வட்டியோடு பிடுங்கிக்கொள்கிறது.

அந்த வட்டி எங்கே கடிக்கிறது? சென்னையில் ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம், போரூர் பக்கத்து அடுக்ககங்களுக்குள் போய்ப் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றில் பிறந்தநாள் நடக்கிறது. சோபா நீளச் சுவரை ஒட்டிக் கிடக்கிறது, எதிர்ச் சுவருக்கு இடையில் பத்தடி. படம் எடுப்பவர் முதுகைச் சுவரில் ஒட்டி நின்றாலும் அவர் உடம்புக்கும் கேமராவுக்கும் ஒன்றரை அடி போகும், சோபாவில் இருப்பவர்கள் இரண்டடி முன்னால் இருப்பார்கள். மிச்சம் ஆறரை அடி. அந்தத் தூரத்தில் 24 மி.மீ. லென்ஸ் காட்டும் அகலம் சுமார் 6.4 அடி, 18 மி.மீ. காட்டுவது 8.5 அடி, 16 மி.மீ. காட்டுவது 9.5 அடி. ஒருவருக்கு ஒன்றரை அடி தோள் அகலம் என்று வைத்தால் முறையே நான்கு பேர், ஐந்து பேர், ஆறு பேர். வெறும் இரண்டு மில்லிமீட்டரில் தாத்தா படத்துக்குள் வருகிறார் அல்லது வெளியே போகிறார். (ஓரத்தில் நிற்பவரின் முகம் 16-இல் கொஞ்சம் அகன்று தெரியும். பருமனானவரை நடுவில் நிறுத்துவது நல்லது.) வெளியிலும் இதே கதைதான். அப்பகுதியின் டிரங்க் ரோட்டின் மேலே செல்லும் மெட்ரோ பாலத்தைக் கீழிருந்து எடுக்க வேண்டுமானால், பின்வாங்கப் பின்வாங்கக் கடை வாசலில் போய் இடிப்போம்.

தூரத்தில் இருப்பதும் இதே போன்ற சிக்கல்தானே என்று கேட்கலாம். இல்லை, இரண்டும் சமம் அல்ல. 24 மெகாபிக்சல் கேமராவில் 55 மி.மீ.யில் எடுத்த படத்தின் நடுவிலிருந்து கால் பங்கை வெட்டினால் 110 மி.மீ.யில் எடுத்ததற்கு ஈடான காட்சி, 6 மெகாபிக்சலில் கிடைக்கும். பத்து அங்குல அகலத்தில் தெளிவாக அச்சிட அது போதும், வாட்ஸ்ஆப்புக்கு அதுவே அதிகம். ஆனால் 24 மி.மீ.யில் விடுபட்ட தாத்தாவை எந்த மென்பொருளும் கொண்டுவந்து சேர்க்காது. நான்கு படங்களை ஒட்டி அகலமாக்கலாமே என்றால், குழந்தை கேக் வெட்டும்போது நான்கு படத்திலும் கத்தி ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது ஒளி. இரவில் எல்.இ.டி. ட்யூப்லைட் எரியும் அறையில் முகத்தில் விழுவது 150 லக்ஸ் என்று கொள்வோம். ஐ.எஸ்.ஓ. 1600-இல், எஃப்/2.8 திறப்புக்கு ஷட்டர் நேரம் நொடியில் ஏறக்குறைய 125-இல் ஒரு பங்கு வரும். எஃப்/5.6 என்றால் ஒளி நான்கில் ஒரு பங்காகிறது, நேரம் 30-இல் ஒரு பங்காக நீள்கிறது. முதலாவதில் சிரிக்கும் குழந்தை உறைந்து நிற்கும், இரண்டாவதில் அது ஒரு தீற்றல். கிட் லென்ஸுக்கும் நியாயம் சொல்ல வேண்டும்: 18 மி.மீ.யில் அது எஃப்/3.5 வரை திறக்கும், அங்கே பெரிய குறை இல்லை. முகத்தை நெருங்க 55-க்குப் போகும்போதுதான் எஃப்/5.6-க்குச் சுருங்கி, தேவைப்படும் நேரத்தில் கைவிடுகிறது.

லென்ஸில் அதிர்வுத் தடுப்பு இருக்கிறதே என்ற மறுப்பு பாதிதான் செல்லும். அது நம் கை நடுக்கத்தை அடக்கும். கோயில் மண்டபத் தூணை எடுக்க அருமையான துணை, தூண் ஆடாது. குழந்தையின் ஆட்டத்தை அதனால் நிறுத்த முடியாது. ஐ.எஸ்.ஓ.வை 6400-க்கு ஏற்றிவிட்டு, பின்னால் செயற்கை நுண்ணறிவால் புள்ளிகளைத் துடைத்துக்கொள்ளலாம் என்பது இன்னும் வலுவான வாதம். உண்மையிலேயே நன்றாகத் துடைக்கிறது. ஆனால் அந்த வசதி எஃப்/2.8 வைத்திருப்பவருக்கும் உண்டு. அவர் அதே இடத்திலிருந்து இன்னும் இரண்டு படி இருட்டுக்குள் போகலாம்.

18–200 ஏன் எஃப்/2.8-இல் வருவதில்லை? குவியத் தொலைவைத் திறப்பு எண்ணால் வகுத்தால் லென்ஸுக்குள் ஒளி நுழையும் வாயிலின் விட்டம் தெரிந்துவிடும். 55-ஐ 2.8-ஆல் வகுத்தால் 20 மி.மீ., 200-ஐ வகுத்தால் 71 மி.மீ. அவ்வளவு பெரிய கண்ணாடியைத் தோளில் தொங்கவிட்டு யாரும் காய்கறி வாங்கப் போகமாட்டார்கள். ஆகவே 200-இல் எஃப்/5.6 அல்லது 6.3-க்குச் சமரசம் செய்கிறார்கள். அத்தோடு, அகல முனையில் கோடுகள் பீப்பாய்போல் உப்பும், தொலை முனையில் உள்நோக்கி வளையும். பதினொரு மடங்கு ஜூமில் இரண்டையும் ஒருசேர அடக்குவது கடினம்.

லென்ஸை மாற்றினால் சாலைத் தூசி சென்சாரில் ஏறும், அதனால் ஒரே லென்ஸே மேல் என்பார்கள். நம் பகுதியில் இது வெறும் பேச்சல்ல. ஆனால் நீண்டு சுருங்கும் ஜூம் துருத்தியைப் போல ஒவ்வொரு முறையும் காற்றை இழுக்கிறது, தூசியும் ஈரமும் கூடவே போகும். ஈரத்துக்குப் பின்னால் பூஞ்சை வரும். எந்த லென்ஸாக இருந்தாலும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பா வேண்டும். போரூர் ஏரிப் பறவைகளை எடுக்க நீண்ட ஜூம் வேண்டாமா என்றால், அவற்றுக்கு 200-உம் குறைவுதான். இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டு விலங்குகளை எடுக்க வெவ்வேறு கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒரு கேமராவை உருவாக்கி, அதற்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று பெயரும் வைத்தார். பறவைக்கும் தனிக் கருவிதான் நியாயம். பிற்பாடு ஒரு 70–300 வாங்கிக்கொள்ளலாம்.

நாளை ஃபுல் ஃபிரேம் வாங்குவேன் என்று இன்றே 24–70 வாங்குவதும் சரியல்ல. கிராப் சென்சாரில் அது 36–105 ஆகிவிடும், தாத்தா வெளியேதான் நிற்பார். எஞ்சுவது சில நல்ல லென்ஸ்கள்: சுமார் 290 கிராம் எடையில் அடங்கும் சிக்மா 18–50, அதிர்வுத் தடுப்போடு 525 கிராம் வரும் டாம்ரான் 17–70, 16-இல் தொடங்கும் சோனி 16–55. மூன்றும் முழு ஜூமிலும் எஃப்/2.8. கேமரா பாடியிலேயே அதிர்வுத் தடுப்பு இல்லாதவருக்கு டாம்ரான், சிறு அறையில் கூட்டம் எடுப்பவருக்கு 16-இல் தொடங்குவது, பையின் எடையை எண்ணுபவருக்கு சிக்மா என்பது என் தீர்ப்பு.

கடைக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் கேமராவில் எடுத்த ஒவ்வொரு படத்தின் விவரத்திலும் அது எத்தனை மி.மீ.யில் எடுக்கப்பட்டது என்று பதிவாகியிருக்கும். கடைசி 200 படங்களைத் திறந்து, 18-இல் எத்தனை, 55-இல் எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.