பதாகையில் கொம்பு ஏன் இடம் மாறுகிறது? எழுத்துரு கற்க எளிய வழி

ஜார்ஜ்டவுன்: தைப்பூசம் நெருங்கினால் தண்ணீர்மலை செல்லும் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்களின் பதாகைகள் எழுந்துவிடும். லிட்டல் இந்தியாவிலும் பண்டிகைக்குப் பண்டிகை புதிய பதாகைகள். சிலவற்றில் 'கோயில்' என்ற சொல்லின் இரட்டைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். புள்ளி எழுத்தை விட்டு விலகியிருக்கும். தமிழ் தெரியாதவர் செய்த வேலை என்று நாம் கடிந்துகொள்கிறோம். ஆனால், பல வேளைகளில் தட்டச்சு செய்தவர் மேல் குறையில்லை. எழுத்துருவும் வடிவமைப்பு மென்பொருளும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாததே காரணம்.

ஒருங்குறியின் முதன்மைத் தமிழ்ப் பகுதியில் 72 குறியீடுகளே உள்ளன. 247 எழுத்துகளும் இவற்றின் சேர்க்கையால் உருவாகின்றன. 'கோ' என்பதைக் கணினி இரண்டு குறியீடுகளாகச் சேமிக்கிறது: முதலில் ககரம், அடுத்து ஓகாரக் குறி. அக்குறியைப் பிரித்து, கொம்பை முன்னும் துணைக்காலைப் பின்னும் வைப்பது மென்பொருளின் வேலை. 'கு', 'கூ' முதலிய 36 உகர, ஊகார உயிர்மெய்களுக்குத் தனிக் குறியீடு கிடையாது. அவற்றின் வடிவங்களை எழுத்துரு வடிவமைப்பாளர் வரைந்து, எந்தச் சேர்க்கைக்கு எந்த வடிவம் என்ற விதியையும் எழுத்துருவுக்குள் எழுதிவைக்கிறார். அந்த விதிகளைப் படிக்காத மென்பொருளில்தான் எழுத்து உடைகிறது.

இதற்கு உடனடித் தீர்வு உண்டு. அடோபி ஃபோட்டோஷாப்பில் 'வேர்ல்ட் ரெடி லேஅவுட்' என்ற தேர்வையும், இல்லஸ்ட்ரேட்டரில் இந்திய மொழிகளுக்கான தேர்வையும் இயக்க வேண்டும். எழுத்து சரியாகத் தெரிந்த பின்னரே அதைக் கோட்டு வடிவமாக மாற்றி அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். அச்சேறும் முன் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் மாதிரியைப் பார்ப்பது அவசியம்.

எழுத்துருவையே திருத்தவும் உருவாக்கவும் கற்க விரும்புவோர் ஃபான்ட்ஃபோர்ஜ் மென்பொருளில் தொடங்கலாம். இலவசமான இது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். மேக் வைத்திருப்போருக்கு கிளிஃப்ஸ் உண்டு. அது கட்டண மென்பொருள். வெற்றுத் தாளில் தொடங்காமல், திறந்த உரிமத்தில் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரான், முக்தா மலர் போன்ற எழுத்துரு ஒன்றைத் திறந்து பார்ப்பது நல்லது. 'ட', 'ப', 'ம' ஆகியவற்றில் நேர்கோடுகளையும், 'க', 'த', 'ழ' ஆகியவற்றில் வளைவுகளையும் கவனிக்கலாம். பிறகு ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, 'கு', 'டி', 'கொ', 'கை', 'கௌ' வரும் சொற்களைத் தட்டச்சு செய்து சோதிக்கலாம். திறந்த உரிமம் திருத்தவும் பகிரவும் இடம் தருகிறது. எனினும், பெயரைப் பற்றிய நிபந்தனையைப் படித்துவிட்டே வெளியிட வேண்டும்.

இத்துறையில் நமக்கு வெளிநாட்டு முன்மாதிரி தேவையில்லை. முரசு அஞ்சலை 1980களின் நடுவில் உருவாக்கத் தொடங்கிய முத்து நெடுமாறன் மலேசியர். ஆப்பிள் கணினிகளில் உள்ள இணைமதி எழுத்துரு அவருடையது. 'தமிழ் சங்கம் எம்என்' என்ற எழுத்துருப் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகளும் அவர் பெயரின் முதலெழுத்துகளே.

ஜார்ஜ்டவுனுக்கு இந்தக் கல்வி கூடுதலாகத் தேவைப்படுகிறது. 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரானது இது. 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் 'ணா', 'றா', 'னா', 'ணை', 'லை', 'ளை', 'னை' ஆகியவை வேறு வடிவில் எழுதப்பட்டன. அக்காலப் பெயர்ப்பலகை ஒன்றை இருந்தபடியே மீட்டெழுத வேண்டுமென்றால் அந்த வடிவங்கள் வேண்டும். இன்றைய எழுத்துருக்கள் பலவற்றில் அவை இல்லை. ஒருங்குறியில் அவற்றுக்குத் தனி இடமும் இல்லாததால், எழுத்துருவுக்குள் மாற்று வடிவங்களாக யாராவது வரைந்து சேர்த்தால்தான் உண்டு.

பழைய பலகைகளைத் தெளிவாகப் படமெடுத்து வைத்தாலே அந்த வேலைக்கு முதற்படி. பலகை கழற்றப்பட்டுவிட்டால் பார்த்து வரைய மூலம் இருக்காது. கணினியும் பொறுமையும் உள்ள மாணவர் ஒருவர் பள்ளி விடுமுறையிலேயே இதைத் தொடங்கிவிடலாம்.