தேடும் இடம் தெரிந்தால் பாதிக் கொள்முதல் முடிந்தது

மளிகைக் கடைக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிஸ்கட் கம்பெனியும் சோப்புக் கம்பெனியும் வாடிக்கையாளரின் கண்ணுக்கு நேரே உள்ள ரேக்கில் தங்கள் சரக்கை அடுக்கச் சொல்லி அதற்கென்று ஒரு தொகை தருகின்றன. கண்ணெதிரே இருப்பதாலேயே அதுதான் கடையில் உயர்ந்த சரக்கு என்று எந்தக் கடைக்காரரும் நம்புவதில்லை. ஆனால் அதே கடைக்காரர் கைபேசியை எடுத்து "சர்க்கரை மொத்த விலை" என்று தேடினால், மேலே வந்து நிற்கும் முதல் இரண்டு மூன்று பெயர்களை நம்பி உடனே போன் போடுகிறார். அந்த இடம் பெரும்பாலும் பணம் கட்டி வாங்கிய ரேக்தான். பெயருக்கு மேலே "ஸ்பான்சர்டு" என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அவசரத்தில் அது கண்ணில் படாது.

தேடுபொறி நம் கைக்கு வந்து சேர்ந்த கதையும் இதே ரேக் கதைதான். புதுக் கைபேசியைப் பிரித்தவுடன் அதில் கூகுள் தயாராக இருக்கிறது. அப்படி இருப்பதற்காக 2021-ஆம் ஆண்டில் மட்டும் கைபேசிக் கம்பெனிகளுக்கும் பிறருக்கும் 2,630 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளிவந்தது. தேடல் தொழிலில் கூகுள் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகம் காத்து வந்தது என்று அந்த நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பும் சொல்லிவிட்டது. சரக்கு மட்டம் என்று நாம் சொல்லவில்லை. தமிழில் தேடவும், பக்கத்து ஊர்க் கடை முகவரி பார்க்கவும் இன்றைக்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஒரே மண்டியில் மட்டும் விலை கேட்டுவிட்டுக் கொள்முதல் செய்கிற வியாபாரி உண்டா?

அடுத்த மண்டிகளும் இருக்கின்றன. மைக்ரோசாப்டின் பிங் 2009-இல் வந்தது. அதற்கு ஓராண்டு முன்பே வந்த டக்டக்கோ, நீங்கள் நேற்று என்ன தேடினீர்கள் என்று குறித்துவைத்துக்கொள்ளாதது. ஆனால் அதன் முடிவுகளில் பெரும்பகுதி பிங்கிலிருந்து வாங்கித் தருவது. ஸ்டார்ட்பேஜ், உங்கள் அடையாளத்தை மறைத்துக் கூகுளின் முடிவுகளைத் தருகிறது. பிரேவ், பிரிட்டனின் மோஜீக் போன்றவை சொந்தமாகவே வலைப்பக்கங்களைத் திரட்டி அட்டவணை வைத்திருக்கின்றன. பெயர்ப்பலகை பத்து இருந்தாலும் உள்ளே சமையற்கட்டு நாலைந்துதான். ஆகவே இரண்டாவது அபிப்பிராயம் கேட்பதானால் வேறு சமையற்கட்டில் கேட்க வேண்டும். முன்பின் தெரியாத ஒரு மொத்த வியாபாரியின் பெயரைக் கூகுளில் ஒரு முறையும் பிங்கிலோ பிரேவிலோ ஒரு முறையும் தேடிப் பாருங்கள். ஒன்றில் விளம்பரங்களுக்கு அடியில் புதைந்து கிடந்த ஒரு புகார் மற்றொன்றில் மேலேயே வந்து நிற்கக்கூடும்.

பழைய பதிலும் புதிய வரியும்

பொதுத் தேடலில் மாட்டிக்கொள்ளும் இன்னொரு இடம், தேதி. "அரிசிக்கு ஜி.எஸ்.டி. உண்டா" என்று கேட்டுப் பாருங்கள். 2017-இல் எழுதிய பக்கம், பதிவு பெற்ற பிராண்டு பெயர் இருந்தால் 5 சதவீதம் என்று சொல்லும். 2022 ஜூலை 18 முதல் பிராண்டு கணக்கு போய், 25 கிலோ வரை முன்கூட்டியே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டியதற்கு வரி என்று மாறியது. சந்தையில் 26 கிலோ மூட்டை தலைகாட்டியது அதற்குப் பிறகுதான். 2025 செப்டம்பர் 22 முதல் விகிதங்களே பெரிதும் மாறிவிட்டன. நெய், வெண்ணெய் 12-லிருந்து 5-க்கும், சோப்பு, பற்பசை, தலை எண்ணெய் 18-லிருந்து 5-க்கும் இறங்கின. ஆனால் பழைய பக்கங்களை யாரும் அழிப்பதில்லை. அவையும் தேடலில் வந்துகொண்டேதான் இருக்கின்றன. இப்போது கேட்ட கேள்விக்குத் தானே பதில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் கலந்து கணீரென்று ஒரு பதிலை அவை சொல்லிவிடும். அதை வைத்து பில் போடுவது ஆபத்து.

இதற்கு எளிய வழி உண்டு. தேடும் சொற்களுக்குப் பின்னால் ஆங்கிலத்தில் "சைட்" என்று அடித்து, மேலும் கீழுமாக இரண்டு புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் "ஜி.ஓ.வி. டாட் இன்" என்று அடித்தால், மத்திய, மாநில அரசுத் தளங்களில் உள்ளவை மட்டும் வரும். பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் அடைத்தால் அந்தப் பெயர் அப்படியே உள்ள பக்கங்களைத் தேடும். முடிவுகளைக் கடந்த ஓராண்டுக்குள் வந்தவை என்று குறுக்கிக்கொள்ளவும் இடம் இருக்கிறது. இந்த மூன்றும் கூகுள், பிங் இரண்டிலும் செல்லும்.

பணம் அனுப்பும் முன் பார்க்க வேண்டிய இடம்

வியாபாரிக்கு உண்மையிலேயே பயன்படும் தேடல், தேடுபொறிகளில் இல்லை. அந்தந்தத் துறையின் பதிவேட்டில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒரு விலைப்பட்டியல் வருகிறது. சர்க்கரை குவிண்டாலுக்கு நூறு ரூபாய் குறைவு, பாதித் தொகை முன்பணம், மீதி லாரி வந்ததும் என்கிறார்கள். கூடவே கிட்டங்கி நிறைய மூட்டை அடுக்கிய படமும் ஒரு ஜி.எஸ்.டி. எண்ணும் வருகின்றன. இங்கேதான் ஐந்து நிமிடம் செலவிட வேண்டும்.

ஜி.எஸ்.டி. தளத்தின் முகப்பிலேயே "சர்ச் டாக்ஸ்பேயர்" என்ற பகுதி இருக்கிறது. கணக்கில் நுழைய வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. 15 இலக்க எண்ணை அடித்தால் சட்டப்படியான பெயர், வியாபாரப் பெயர், பதிவு செய்த தேதி, பதிவு உயிரோடு இருக்கிறதா அல்லது ரத்தாகிவிட்டதா, ரத்தானால் எந்தத் தேதியிலிருந்து என்பதெல்லாம் வந்துவிடும். எண்ணை அடிக்கும் முன்பே அது பாதிக் கதையைச் சொல்லிவிடும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாடு 33, புதுச்சேரி 34, கர்நாடகம் 29, கேரளம் 32, மகாராஷ்டிரம் 27. அடுத்த பத்தும் அவருடைய பான் எண். அந்த 15-இல் ஆறாவதாக நிற்கும் எழுத்தைக் கவனியுங்கள். பர்சன் என்பதன் முதலெழுத்து இருந்தால் தனிநபர். ஃபர்ம் என்பதன் முதலெழுத்து கூட்டாளி நிறுவனம். கம்பெனி என்பதன் முதலெழுத்து கம்பெனி. லெட்டர்பேடில் பிரைவேட் லிமிடெட் என்று போட்டுவிட்டு எண்ணில் தனிநபர் எழுத்து இருந்தால், மேற்கொண்டு பேசுவதற்கு முன் விளக்கம் கேட்க வேண்டும்.

அதோடு நிறுத்தாமல், கணக்குத் தாக்கல் செய்த பட்டியலையும் திறந்து பார்ப்பது நல்லது. எந்த மாதக் கணக்கு எந்தத் தேதியில் தாக்கலானது என்று வரிசையாக இருக்கும். இதைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் நம் பணம்தான். ஐந்து லட்ச ரூபாய்க்குச் சர்க்கரை வாங்கினால் 5 சதவீதம் 25,000 ரூபாய் வரியாக அவர் கையில் கொடுக்கிறோம். அவர் அதை அரசுக்குக் கட்டினால்தான் நமக்கு உள்ளீட்டு வரி வரவு என்று சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்கிறது. நிதியாண்டு முடிந்து வரும் செப்டம்பர் 30-க்குள் அவர் 3-பி தாக்கல் செய்யாவிட்டால், நவம்பர் 30-க்குள் அந்த வரவை நாம் திருப்பிக் காட்ட வேண்டும் என்பது 37-ஏ விதி. அவர் பின்னால் தாக்கல் செய்தால் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம்; ஆனால் அதுவரை 25,000 நம் கையிலிருந்து போனதுதான். ஓசூரிலோ மைசூரிலோ இருக்கும் முகம் தெரியாத ஒருவர் கணக்குத் தாக்கல் செய்யாததற்கு நாம் பணம் கட்டுவதா? மூன்று மாதத்துக்கு ஒரு முறை தாக்கல் செய்யும் முறையில் சிறு வியாபாரிகள் பலர் இருப்பதால், இடையில் மாதம் விட்டிருப்பதைக் கண்டவுடன் பயந்துவிட வேண்டாம். அவர் எந்த முறை என்பதும் அங்கேயே தெரியும். காம்போசிஷன் முறையில் இருப்பவர் வரி போட்டு பில் கொடுக்கக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். அவர் எந்த வகை என்றும் அந்தப் பக்கத்திலேயே பார்க்கலாம். பார்த்த அன்றே அந்தப் பக்கத்தை ஒரு பிரிண்ட் எடுத்துக் கொள்முதல் ஃபைலில் சேர்த்துவிடுவது நல்லது. பிற்பாடு பதிவு ரத்தாகி நோட்டீஸ் வந்தால், வாங்கிய நாளில் நாம் சரிபார்த்ததற்கு அது ஒரு சாட்சி.

உணவுப் பொருளானால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் தளத்தில் 14 இலக்க உரிம எண்ணைத் தேடிப் பார்க்கலாம். 1 என்று தொடங்கினால் உரிமம், 2 என்று தொடங்கினால் சிறு வியாபாரிக்கான பதிவு. நாடு முழுதும் சப்ளை செய்கிறோம் என்பவரின் எண் 2-இல் தொடங்கினால் யோசிக்க வேண்டிய விஷயம். 2022 ஜனவரி 1 முதல் உணவு வியாபாரிகள் பில்லிலேயே இந்த எண்ணைப் போட வேண்டும். பில்லில் இல்லை என்றால் கேட்க நமக்கு உரிமை உண்டு.

அந்தக் கிட்டங்கிப் படத்தையும் விட்டுவிட வேண்டாம். கூகுள் லென்ஸ், டின்ஐ போன்றவற்றில் படத்தையே கொடுத்துத் தேடலாம். 2008 முதல் இருக்கும் டின்ஐ, அதே படம் வேறு எங்கெல்லாம், எப்போதெல்லாம் வந்திருக்கிறது என்று காட்டும். ஈரோட்டுக் கிட்டங்கி என்று அனுப்பிய படம் நாலு வருடம் முன்பே வேறு மாநிலத்துச் செய்தியில் வந்திருந்தால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

வங்கி, கியூ.ஆர். ஸ்பீக்கர் பெட்டி, ஸ்வைப் மெஷின் ஆகியவற்றின் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபொறியில் தேடவே வேண்டாம். மோசக்காரர்கள் தங்கள் எண்ணை அங்கே ஏற்றிவைத்துக் காத்திருக்கிறார்கள். அட்டையின் பின்புறத்திலும், பெட்டியின் மேலும், அந்த ஆப்பின் உள்ளேயும் அச்சடித்த எண் மட்டுமே சரி. பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு அந்த நிமிடமே அழைக்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கணக்கு மாறிப் போய்க்கொண்டே இருக்கும்.

விலையும் பெயரும்

விலை தேட மத்திய அரசின் அக்மார்க்நெட் தளம் இருக்கிறது. மண்டிவாரியாகக் குறைந்த விலை, கூடிய விலை, அதிகமாகக் கைமாறிய விலை என்று மூன்றும் குவிண்டால் கணக்கில் வரும். நம்மவர்கள் பலர் இங்கே தேடிவிட்டு ஒன்றும் கிடைக்கவில்லை என்று திரும்புவதற்குப் பெயர்தான் காரணம். துவரை அங்கே "அர்ஹர்", உளுந்து "உர்த்", கொண்டைக்கடலை "பெங்கால் கிராம்". முழுத் துவரைக்கும் உடைத்த பருப்புக்கும் தனித்தனி வரிகள். ஒன்றின் விலையை வைத்து மற்றொன்றைப் பேரம் பேசினால் மண்டிக்காரர் சிரிப்பார். அந்த விலையில் லாரி வாடகையும் கமிஷனும் கூலியும் கிடையாது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். ஏலக்காய்க்கு இதைவிடத் துல்லியமான இடம் ஸ்பைசஸ் போர்டின் தளம். போடிநாயக்கனூர், புத்தடி ஏலங்களில் அன்றைக்கு எத்தனை கிலோ வந்தது, எத்தனை விற்றது, உச்ச விலை, சராசரி விலை எல்லாம் அதில் வந்துவிடுகின்றன. தரகர் சொல்லும் விலையை அந்தச் சராசரியோடு வைத்துப் பார்க்கலாம்.

சொந்தப் பெயரில் மசாலாப் பொடி, அப்பளம், பருப்புப் பாக்கெட் போட நினைக்கும் கடைக்காரர்கள், பை அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன் வணிகச் சின்னப் பதிவேட்டின் பொதுத் தேடலில் அந்தப் பெயரைப் பார்த்துவிட வேண்டும். அரிசி, மாவு, மசாலா, காபி, தேயிலை எல்லாம் 30-ஆம் வகுப்பு. சமையல் எண்ணெய் 29. எழுத்துப்படி தேடுவதோடு ஒலிப்படியும் தேடும் வசதி அங்கே உண்டு. "ஸ்ரீ" போட்டதும் போடாததும், ஒற்றெழுத்து கூடியதும் குறைந்ததும் அதில்தான் பிடிபடும். சாமி பெயர்களை வைப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். பலரும் ஏற்கெனவே எடுத்திருப்பார்கள். பெயர் காலியாக இருந்தால் தனிநபரும் சிறு நிறுவனமும் இணையத்திலேயே விண்ணப்பம் போட ஒரு வகுப்புக்குக் கட்டணம் 4,500 ரூபாய். பதிவு கிடைத்தால் பத்தாண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம்.