சேர்மாதேவி மொட்டை மாடியில ஒரு பொரி மேசை

பிறந்தநாளுக்குப் பிள்ளைகளைக் கூப்பிட்டிருக்கீங்க. இல்லன்னா கோடை லீவுக்குச் சொந்தக்காரங்க எல்லாரும் வந்து இறங்கியிருக்காங்க. ஆளுக்கொரு தட்டுல கேக்கும் மிக்சரும் வச்சுக் கொடுத்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும். அதுக்குப் பதிலா மாடியில ஒரு பெரிய மேசை போடுங்க. நடுவுல ஒரு அண்டா நிறையப் பாப்கார்ன், சுத்திக் கிண்ணம் கிண்ணமாப் பொடி, நெய், வறுத்த கடலை, இனிப்பு. யாருக்கு எது வேணுமோ அவங்களே எடுத்து அவங்களே கலந்துக்கிடணும். பெரிய ஊர்கள்ல இதைப் பாப்கார்ன் பார்னு சொல்லுதாங்க. நம்ம சேர்மாதேவியில இதை எப்படிப் போடலாம்னு இன்னைக்குச் சொல்லுதேன். சீஸ் பவுடர், சாக்லேட் சாஸ்னு தேடி அலைய வேண்டாம். ஆத்தங்கரையிலயும் தேரிக்காட்டுலயும் கிடைக்கிறதை வச்சே அதைவிட ருசியாப் போடலாம்.

முதல்ல சோளம். கோழித்தீவனத்துக்குப் போற மக்காச்சோளம் நம்ம பக்கம் மூட்டை மூட்டையாக் கிடைக்கும். அது பொரியாது, கருகத்தான் செய்யும். கடையில பாப்கார்ன் சோளம்னே கேட்டு வாங்குங்க. அது தனி ரகம், மணி சின்னதா, உருண்டையா, தோல் ரொம்பக் கெட்டியா இருக்கும். அந்தத் தோல்தான் முக்கியம். மணிக்குள்ள கிட்டத்தட்ட 14 சதவீதம் ஈரம் இருக்கு. சூடு ஏற ஏற அந்த ஈரம் ஆவியாகும், ஆனா தோல் அதை வெளியே விடாது. ஒவ்வொரு மணியும் ஒரு குட்டிக் குக்கர்னே வச்சுக்கிடுங்க. சுமார் 180 டிகிரி வந்ததும் தோல் தாங்காம வெடிக்கும், உள்ள குழைஞ்சு கிடந்த மாவு நுரைச்சு வெளியே வந்து அப்படியே இறுகிரும். பழைய சோளம் காய்ஞ்சுபோயிருந்தா ஆவிக்குத் தண்ணியே இருக்காது, அடியில கல்லு மாதிரி மிஞ்சும். அரைக் கிலோ சோளத்துக்கு ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணி தெளிச்சு, பாட்டில்ல இறுக்க மூடி, ரெண்டு மூணு நாள் அப்பப்போ குலுக்கி வச்சுப் பாருங்க. பெரும்பாலும் சரியாயிரும்.

அளவு எவ்வளவுன்னா, 100 கிராம் சோளம் வீட்டு அடுப்புல சுமார் மூணு லிட்டர் பாத்திரம் நிறையப் பொரியும். ஒருத்தருக்கு முக்கால் லிட்டர்னு கணக்கு வச்சா, 30 பேருக்கு முக்கால் கிலோ சோளம் போதும். ஒரு கிலோ வாங்கிட்டா பயமில்லை.

பொரிக்கிறதுக்கு மெஷின் வேண்டாம். அடி கனமான குக்கர் எடுங்க. கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழட்டிருங்க. மூடியைப் பூட்டவே கூடாது, மேல சும்மா சாய்ச்சு வைக்கணும். ஆவி வெளியே போகலன்னா பொரி தோல் மாதிரி இழுக்கும். கடலை எண்ணெய் ரெண்டு ஸ்பூன் ஊத்தி, மூணு மணியை மட்டும் போடுங்க. அந்த மூணும் வெடிச்சா எண்ணெய் பதமா இருக்குன்னு அர்த்தம். உடனே 100 கிராமையும் கொட்டி, அடுப்பை விட்டு அரை நிமிஷம் இறக்கி வச்சு, மறுபடி ஏத்துங்க. எல்லா மணியும் ஒரே சூட்டுக்கு வந்து ஒண்ணா வெடிக்கும். ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவுல ரெண்டு விநாடி இடைவெளி வந்ததும் இறக்கிருங்க. கடைசி மணிக்காகக் காத்திருந்தா மேல இருக்கிறதெல்லாம் தீஞ்ச வாடை அடிக்கும்.

இனி நான் ரொம்ப ஆசையாச் சொல்ல வந்த விஷயம். மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். பெரு நாட்டுல சுமார் 6,700 வருஷத்துக்கு முந்தின பொரி அகழாய்வுல கிடைச்சிருக்கு. கொலம்பஸ் பயணத்துக்குப் பிறகுதான் அது நம்ம பக்கம் வந்துச்சு. ஆனா தானியத்தைப் பொரிக்கிற வித்தை இங்க அதுக்கு முன்னாடியே இருந்தது. கார்த்திகைக்கு வாங்குற நெல்பொரியைப் பாருங்க. உமியோட நெல்லைச் சுடு மணல்ல போட்டு வறுக்காங்க. சோளத்துக்குத் தோல் செய்யுற வேலையை இங்க உமி செய்யுது, ஆவியைப் பிடிச்சு வச்சு வெடிக்க விடுது. கரிசக்காட்டு வெள்ளைச் சோளமும் பொரியும். முத்து முத்தா, பாப்கார்னை விடச் சின்னதா, மெதுவா இருக்கும். அதனால உங்க மேசையில ஒரே அண்டா வைக்காதீங்க. மூணு வையுங்க: பாப்கார்ன், வெள்ளைச் சோளப்பொரி, நெல்பொரி. நெல்பொரியில ஒட்டிக்கிட்டிருக்கிற உமியைப் புடைச்சுப் பொறுக்கி எடுத்துட்டுத்தான் வைக்கணும், தொண்டையில குத்தும்.

இனிப்புக்கு உடன்குடிக் கருப்பட்டி. புவிசார் குறியீடு வாங்கின சரக்கு அது. கேரமல் சாஸ் பாட்டில்ல இருக்கிறது வெறும் தித்திப்பு, கருப்பட்டியில லேசாப் புகை வாசமும் இருக்கும். 200 கிராம் கருப்பட்டியைத் தட்டி, கால் டம்ளர் தண்ணியில கரைய விட்டு வடிகட்டுங்க. வடிகட்டாம விடாதீங்க, மண் இருக்கும். திரும்ப அடுப்புல வச்சு, சுக்குப் பொடி, ஏலக்காய் போட்டுக் காய்ச்சுங்க. பதம் பாக்கிறது பொரி உருண்டைக்குப் பாக்கிற மாதிரிதான்: ஒரு சொட்டைத் தண்ணியில விட்டு உருட்டி, தட்டுல போட்டா ‘டங்’குன்னு சத்தம் வரணும். சத்தம் வராத பாகை ஊத்துனா பொரி பிசுபிசுன்னு கையில ஒட்டும். பதம் வந்ததும் ஒரு ஸ்பூன் நெய் விட்டு, மூணு லிட்டர் பொரி மேல ஊத்தி, மரக்கரண்டியால வேகமாக் கிளறி, நெய் தடவின தாம்பாளத்துல பரப்புங்க. ஆறினதும் உதிர்த்து டின்ல போட்டு இறுக்க மூடிருங்க. இதை முந்தின நாளே செய்யுங்க. கொதிக்கிற பாகு பிள்ளைங்க ஓடி விளையாடுற இடத்துல இருக்கவே கூடாது.

காரத்துக்கு இட்லிப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, பூண்டு மிளகாய்ப் பொடி, பிள்ளைகளுக்கு வெறும் மிளகும் உப்பும். எந்தப் பொடியா இருந்தாலும் மிக்சியில மறுபடி ஓட்டிச் சலிச்சிருங்க, உப்பையும்தான். பரபரன்னு இருக்கிற பொடி பொரியில ஒட்டாம அடியில போய்த் தங்கிரும். பொடி ஒட்டணும்னா பொரி மேல கொஞ்சம் கொழுப்பு வேணும், அதுக்கு வெண்ணெயை விட நெய்தான் சரி. வெண்ணெயில ஆறுல ஒரு பங்கு தண்ணி. ஊத்துன இடமெல்லாம் பொரி நமுத்துப் போகும். நெய்யில அந்தத் தொல்லை கிடையாது. கூடவே கல்லிடைக்குறிச்சி அப்பளத்தைப் பொரிச்சு நொறுக்கி ஒரு கிண்ணம், வறுத்த கடலை ஒரு கிண்ணம், தேங்காய்க் கீத்தை நெய்யில வறுத்து ஒரு கிண்ணம்.

பொடிக்கும் கடலைக்கும் பக்கத்துக் காருகுறிச்சி மண் கிண்ணங்கள் அழகா இருக்கும். நெய்யை மட்டும் அதுல ஊத்தாதீங்க, மண்ணு குடிச்சிரும். உக்கார்றதுக்குப் பத்தமடைப் பாய் விரிச்சிருங்க. கையில கொடுக்கிறதுக்குப் பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்பும் தெர்மாகோல் கப்பும் வேண்டாம், 2019 ஜனவரி 1-லேருந்து தமிழ்நாட்டுல அதுக்குத் தடை. நியூஸ் பேப்பர் பொட்டலமும் கூடாது, மை சாப்பாட்டுல ஏறும். சின்னப் பனை ஓலைக் கொட்டான் ஆளுக்கு ஒண்ணு. குலுக்கிக் கலக்கவும் வசதி, வீட்டுக்குக் கொண்டு போகவும் வசதி.

இன்னொரு விஷயத்துல நான் பிடிவாதமாச் சொல்லுவேன். பெரியவங்களுக்குத் தனித் தட்டு, முக்கியமானவங்களுக்குத் தனிச் சில்வர் கிண்ணம், வேலைக்கு வந்தவங்களுக்கு மிஞ்சினதுன்னு பிரிக்காதீங்க. வ.வே.சு. ஐயர் குருகுலம் நடத்தினது இந்தச் சேர்மாதேவியிலதான். பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாச் சாப்பாடு போட்டாங்கன்னு வந்த பிரச்சினையில, வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து நின்னு, 1925-ல தமிழ்நாடு முழுக்க வாதம் நடந்து, காந்தி வரைக்கும் போச்சு. அந்த ஊர்ல நாம போடுற மேசை ஒரே மேசையா இருக்கணும். வீட்டு வேலைக்கு வர்ற அக்காவோட பிள்ளையும் அதே அண்டாவுல, அதே கரண்டியால எடுக்கணும்.

கரண்டியை மறந்துராதீங்க, ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒண்ணு. மேசைக்கு முன்னால கை கழுவ ஒரு வாளித் தண்ணி. நாலு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகளுக்குப் பாப்கார்னும் முழுக் கடலையும் கொடுக்கவே கூடாது, மூச்சுக்குழாய்ல சிக்கிரும். அவங்களுக்குப் பாலும் வாழைப்பழமும் பிசைஞ்ச அவல் தனியா எடுத்து வையுங்க. கடலை ஒத்துக்காத பிள்ளை யாராவது வருதான்னு முன்கூட்டியே கேட்டுருங்க. வருதுன்னா கடலைக் கிண்ணத்தை எடுத்துட்டுப் பொரிக்கிற எண்ணெயையும் மாத்திருங்க. ஐப்பசி, கார்த்திகை மழைக் காத்துல பொரி அரை மணி நேரத்துல நமுத்துரும். அதனால மொத்தமாப் பொரிச்சு வைக்காம, ஆள் வர வரப் பொரிச்சுக் கொட்டுங்க. பொரியுற சத்தம் கேட்டாலே பிள்ளைங்க மாடிக்கு ஓடி வந்துரும்.

ஓலைக் கொட்டான் மட்டும் கடைசி நேரத்துல கிடைக்காது. பின்னுறவங்ககிட்ட ஒரு வாரம் முன்னாடியே எண்ணிக்கையைச் சொல்லி வையுங்க, அவங்க சொல்லுற விலையைப் பேரம் பேசாமக் கொடுத்துருங்க.