எனக்குப் பாட வராது என்பவர்களுக்கு

நமது தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் அண்மையில் சேர்ந்திசையைப் பற்றிப் பேசினோம். சமூகப் பாடகர் குழுக்கள் புதிய கச்சேரிப் பருவத்துக்கு ஆள் சேர்க்கும்போது நம்மவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பதே கேள்வி. "எனக்குப் பாட வராது" என்பதுதான் பலரின் பதில். ஒளிபரப்பில் நேரம் போதவில்லை. விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

பஜனையும் சேர்ந்திசையும் ஒன்றல்ல. பஜனையில் ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் அதே மெட்டைத் திரும்பப் பாடுகிறோம். புரட்டாசி சனிக்கிழமைகளில் தோட்டத்து லயங்களில் வீடு வீடாகப் பாடிச் சென்றவர்களுக்கு இது தெரியும். ஆனால், ஆண்களில் பலருக்கு 1 கட்டை சுருதி சுகம் என்றால், பெண்களுக்கு 5 கட்டை, 5½ கட்டை. எல்லாரையும் ஒரே சுருதியில் பாட வைத்தால் ஒரு சாரார் கத்த வேண்டும், அல்லது மறுசாரார் முனக வேண்டும். பாட வராது என்று ஒதுங்கியவர்களில் பலர் பொருந்தாத சுருதியில் மாட்டிக்கொண்டவர்கள்தாம்.

சேர்ந்திசை இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்க்கிறது. பெண்களின் மேல்குரல் சொப்ரானோ, கீழ்க்குரல் ஆல்டோ. ஆண்களின் மேல்குரல் டெனர், கீழ்க்குரல் பாஸ். நான்கு பிரிவினரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களைப் பாட, அவை இசைந்து ஒலிக்கும்.

நம் இசைக்கு இது ஒத்து வருமா? இங்கேதான் சிக்கல். கமகம் நிறைந்த தோடியை நாற்பது பேர் நான்கு குரலில் பாடினால் குழம்பிப் போகும். சங்கராபரணத்தின் சுர வரிசை மேற்கத்திய மேஜர் ஸ்கேலோடு ஒத்துப்போவதால் அங்கே வழி கொஞ்சம் எளிது. தமிழ்க் கிறிஸ்தவ சபைகளில் இரண்டு வகைப் பாடலுமே உண்டு. மேற்கத்திய மெட்டில் அமைந்த பாமாலைகளை நான்கு குரலில் பாடுவார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் ராகத்தில் அமைத்த கீர்த்தனைகளை ஒரே குரலில் பாடுவார்கள். ஆக, தமிழில் நான்கு குரல் என்பது நேற்று வந்த புதுமையன்று.

அதை மேடைக்குக் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர் எம்.பி. சீனிவாசன். 'பாதை தெரியுது பார்' (1960) படத்துக்கு இசையமைத்தவர். மலையாளப் படவுலகில் பெரும்பெயர் பெற்றவர். 1970களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கினார். தொழில்முறைப் பாடகர்களைத் தேடிப் போகாமல், ஆர்வம் உள்ள சாதாரண இளைஞர்களைச் சேர்த்துப் பழக்கினார். பாரதியார் பாடல்களோடு பல இந்திய மொழிப் பாடல்களையும் மேடையேற்றினார். 1988இல் லட்சத்தீவில் அவர் காலமான பிறகும் அந்தக் குழு தொடர்ந்து பாடியது. எனக்கு இதில் பிடித்தது, அது எந்த மதத்தின் குழுவாகவும் இல்லை என்பதுதான். பிரிக்பீல்ட்சில் கோயிலும் தேவாலயமும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. பஜனைக் குழுவும் தேவாலயப் பாடகர் குழுவும் ஒரே மேடையில் சேர்ந்து பாடி நான் பார்த்ததில்லை.

டிப்ளோமா படித்த காலத்தில் நானும் ஒரு குழுவில் ஆல்டோ பாடினேன். பக்கத்தில் இருந்தவர்களை மிஞ்ச வேண்டும் என்று உரக்கப் பாடினேன். பயிற்சியாளர் நிறுத்தி, "பக்கத்துக் குரல் உங்கள் காதில் விழுகிறதா?" என்று கேட்டார். விழவில்லை. மைக் முன்னால் பேசிப் பிழைக்கிற எனக்கு அந்தக் கேள்வி இன்னும் பயன்படுகிறது.

பயிற்சி அறையைத் தேர்ந்தெடுக்கும்போது ஜன்னலைப் பாருங்கள். அமெரிக்காவின் ஸ்காஜிட் பள்ளத்தாக்கில் 2020 மார்ச் 10ஆம் தேதி ஒரு பாடகர் குழுவின் பயிற்சிக்கு 61 பேர் வந்தனர். அவர்களில் 53 பேருக்குக் கோவிட் தொற்று உறுதியானது, அல்லது இருக்கக்கூடும் எனக் கணிக்கப்பட்டது. இருவர் இறந்தனர். எட்டே நாளில் நம் நாட்டிலும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. மூடிய அறையில் பலர் மூச்சை இழுத்துப் பாடும்போது காற்றோட்டம் தேவை. குளிர்சாதனம் மட்டும் போதாது.

இன்னொன்று, தீபாவளி, தைப்பூசம், பள்ளித் தேர்வு நேரங்களில் கச்சேரி வைத்தால் பாடகரும் வரமாட்டார், ரசிகரும் வரமாட்டார். கிள்ளானிலிருந்து வருபவர்கள் கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் வந்தால் பிரிக்பீல்ட்சுக்கு நடந்தே போகலாம். திரும்பும் ரயிலின் நேரத்தை மட்டும் ஏற்பாட்டாளர்கள் கணக்கில் வைக்க வேண்டும்.

முதல் நாள் குரல் சோதனைக்குப் பயப்பட வேண்டாம். எந்தச் சுரம் வரை ஏறுகிறது, எது வரை இறங்குகிறது என்று பார்த்து, உங்களை நான்கில் ஒரு பிரிவில் நிறுத்துவார்கள். ஆண்களே, டெனருக்கு எப்போதும் ஆள் தட்டுப்பாடு!