வீட்டுக் களிமண்: காயவைப்பதில்தான் கவனம்

கேலாங் சிராய் சந்தைப் பக்கம் கிடைக்கும் பொருள்களை வெச்சே, பாடவேலைக்கு இரண்டு வகைக் களிமண் செய்யலாம்.

மைதாக் களிமண்: 2 கப் மைதா, 1 கப் தூள் உப்பு, ஏறக்குறைய 1 கப் தண்ணீர். பிசைந்து, மெல்லிய உருவமாகச் செய்து, அவனில் 100 டிகிரி செல்சியஸில் 2, 3 மணி நேரம் காயவிடுங்க. சூடு கூடினா உப்பி வெடிக்கும்.

சோளமாவுக் களிமண்: 1 கப் சோளமாவு, 2 கப் சமையல் சோடா, 1¼ கப் தண்ணீர். மிதமான தீயில் கெட்டியாகும்வரை கிளறி, ஆறியதும் பிசையவும். இது காற்றிலேயே காயும்.

மாணவர்களே, சிங்கப்பூர்க் காற்றில் ஈரம் அதிகம். உப்பு அதை இழுத்துக்கொள்ளும். அதனால் காய்ந்த மைதா பொம்மைகூட மறுபடி பிசுபிசுக்கும். உள்வரை காய்ந்த பிறகு வார்னிஷ் பூசினால்தான் ஒப்படைக்கும் நாள்வரை நிற்கும். தீபாவளிக்குச் செய்த மாவு அகலில் மட்டும் திரி ஏற்றாதீங்க, மாவு தீப்பிடிக்கும்.