நல்ல சிப் வேறு, நல்ல பங்கு வேறு

இன்டெல், ஏஎம்டி இரண்டில் எதன் சிப் வேகமானது என்ற வாக்குவாதம் ஓய்வதே இல்லை. வேகமான சிப் செய்கிற கம்பெனியின் பங்கை வாங்கிப்போட்டால் லாபம்தான் என்று நினைப்பவர்களும் நிறைய. பழைய கணக்கைப் புரட்டினால் அந்த நினைப்பு தேறவில்லை. 2003இல் ஏஎம்டியின் ஆப்டிரான், பழைய மென்பொருளும் ஓடும்படியே 64 பிட் முறையைக் கொண்டுவந்தது. பிறகு இன்டெல்லும் அதே வழிக்கு வந்தது. 2006 தொடக்கத்தில் ஏஎம்டி பங்கு 40 டாலரைத் தொட்டது. அந்த ஆண்டே, பெரும் கடன் வாங்கி ஏடிஐ என்ற கிராஃபிக்ஸ் கம்பெனியை 540 கோடி டாலருக்கு வாங்கியது. இன்டெல் கோர் 2 சிப்பை இறக்கியது, விலைப்போர் மூண்டது. 2008 கடைசியில் பங்கு 2 டாலர் அளவுக்கு விழுந்துகிடந்தது.

திறமை குறைந்து வந்த வீழ்ச்சி அல்ல இது. கடனோடு ஆலையின் பாரமும் சேர்ந்து அழுத்தியது. சிப் உருவாகும் சிலிக்கான் தட்டின் விட்டம் 300 மில்லிமீட்டர், நல்ல பெரிய தோசை அளவு. ஒரு தட்டில் நூற்றுக்கணக்கான சிப்புகள் எடுக்கலாம். கண்ணுக்குத் தெரியாத தூசு விழுந்த இடத்துச் சிப் வீண். ஒரு தட்டுக்கு எத்தனை தேறுகிறது என்பதைத் துறையில் ஈல்டு என்பார்கள். நம் விளைச்சல்தான் அது. விளைச்சல் குறைந்தாலும், ஆர்டரே இல்லாவிட்டாலும் ஆலைச் செலவு குறையாது. இன்று நவீன ஆலை ஒன்றைக் கட்ட 1,000 கோடி டாலருக்கு மேல் ஆகிறது. 2009இல் ஏஎம்டி தன் ஆலைகளைத் தனிக் கம்பெனியாகப் பிரித்துவிட்டது.

இன்டெல் குறுக்கு வழியில் மறித்ததால்தான் ஏஎம்டி நொடித்தது என்பார்கள். தன் சிப்பை வாங்காதிருக்கக் கணினிக் கம்பெனிகளுக்குத் தள்ளுபடி கொடுத்தார்கள் என்று ஏஎம்டி வழக்கே போட்டது. 2009இல் இன்டெல் 125 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்தது. அதில் நியாயம் உண்டு. ஆனால் ஏடிஐக்குக் கொடுத்த விலையில் கால் பங்குகூட வராத தொகை அது. 2015இல் 2 டாலருக்கும் கீழே கிடந்த பங்கு 2021இல் 150 டாலரைத் தாண்டியதே, அது நல்ல சிப்பால் வந்ததுதானே என்பது இன்னும் வலுவான கேள்வி. 2017இல் வந்த ரைசன் நல்ல சிப்தான். 2003லும் நல்ல சிப் இருந்தது. இம்முறை வேறாக இருந்தது, ஆலை கழுத்தில் தொங்கவில்லை என்பது. 2019 முதல் ஏஎம்டியின் முக்கியச் சிப்புகளைத் தைவானின் டிஎஸ்எம்சி செய்து கொடுத்தது. ஊர் நெல்லையெல்லாம் அரைக்கும் ரைஸ் மில் மாதிரி அது. ஒருவர் ஆர்டர் குறைந்தால் இன்னொருவருடையது ஓடும்.

இன்டெல்லோ தன் சிப்புக்குத் தன் ஆலையையே பெரிதும் நம்பியிருந்தது. அதன் 10 நானோமீட்டர் உற்பத்தி வருடக்கணக்கில் தள்ளிப்போனது. அடுத்த தலைமுறையும் தாமதம் என்று 2020 ஜூலையில் சொன்னதும் பங்கு ஒரே நாளில் 16 சதவீதம் சரிந்தது. விலை ஏறாவிட்டாலும் டிவிடெண்ட் வருகிறதே என்று பொறுத்திருந்தவர்களுக்கு 2024 ஆகஸ்ட்டில் அந்தப் பிடியும் போயிற்று. டிவிடெண்டை நிறுத்துவதாகவும், சுமார் 15,000 பேரைக் குறைப்பதாகவும் அறிவித்த மறுநாள் பங்கு 26 சதவீதம் விழுந்தது. அந்த நவம்பரில், 1999 முதல் டவ் ஜோன்ஸ் குறியீட்டில் இருந்த இன்டெல்லை எடுத்துவிட்டு என்விடியாவைச் சேர்த்தார்கள். என்விடியாவுக்குச் சொந்தமாக ஒரு சிப் ஆலைகூடக் கிடையாது.