மறக்காத கலங்கள்

எங்கள் வீட்டுப் பெண் பூனையின் உடம்பில் கறுப்பும் செம்மஞ்சளும் திட்டுத்திட்டாகக் கலந்திருக்கும். இப்படி இருநிறம் கலந்த பூனைகள் அநேகமாக எப்போதும் பெண்ணாகவே இருக்கும். ஏன் தெரியுமா? அதற்கான காரணம் பெண்களாகிய எங்களுக்கும் பொருந்துவதால்தான் இதை எழுதுகிறேன்.

ஆணின் கலங்களில் எக்ஸ் நிறமூர்த்தம் ஒன்றே உண்டு. பெண்ணுக்கோ இரண்டு. ஒன்று தாய் தந்தது, மற்றையது தந்தை தந்தது. இரண்டும் முழுமையாக வேலை செய்தால் அளவு மிஞ்சிவிடும். ஆகவே நாம் கருவாக இருக்கும்போதே ஒவ்வொரு கலமும் அவற்றில் ஒன்றைப் பெரும்பாலும் உறங்க வைத்துவிடுகிறது. எது உறங்கும் என்பது தற்செயலானது. 1961 ஆம் ஆண்டில் இதனை எடுத்துக்கூறியவர் மேரி லயன் என்ற பிரித்தானியப் பெண் விஞ்ஞானி.

அந்தக் கலம் பின்னர் எத்தனை தடவை பிரிந்தாலும் தன் தெரிவை மறப்பதில்லை. தாய்க்கலத்தில் உறங்கிய அதே எக்ஸ்தான் மகட்கலத்திலும் உறங்கும். டீ.என்.ஏ.யின் எழுத்துகள் மாறுவதில்லை. அவற்றின்மீது ஒட்டியுள்ள இரசாயன அடையாளங்களே கலத்துக்குக் கலம் கையளிக்கப்படுகின்றன. ஈரற்கலம் ஈரற்கலமாகவும் தோற்கலம் தோற்கலமாகவும் நீடிப்பதற்கும் இத்தகைய அடையாளங்கள் துணைபுரிகின்றன. பூனையின் செம்மஞ்சள் நிறத்துக்கான பரம்பரையலகு எக்ஸில் இருப்பதால், இந்த ஞாபகத்தை அதன் தோலில் நாம் கண்ணாலேயே காண்கிறோம்.

ஈமோபீலியா எனும் குருதி உறையாமை நோய்க்குரிய பரம்பரையலகும் எக்ஸிலேயே இருக்கிறது. பெண்கள் இந்நோயைக் காவுவார்களே தவிர, அவர்களுக்கு ஒன்றும் செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். அது முழு உண்மையன்று. காவியான ஒரு பெண்ணின் பெரும்பாலான கலங்களில் நல்ல எக்ஸ் உறங்கிவிட்டால், குருதியை உறையச் செய்யும் காரணி அவளிலும் குறைந்துவிடும். மாதவிடாயில் மிகுந்த குருதிப்போக்கு, பல் பிடுங்கியபின் நிற்காத குருதி, பிரசவத்தின் பின் கடும் பெருக்கு என்பன ஏற்படலாம்.

சகோதரிகளே, உங்கள் தந்தைக்கோ சகோதரனுக்கோ மகனுக்கோ இந்நோய் இருந்தால், வைத்தியரிடம் கேட்டு உங்கள் காரணி அளவையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கர்ப்பம் தரித்தால் முதல் கிளினிக்கிலேயே சொல்லிவிடுங்கள். "பொம்பிளையளுக்கு இதெல்லாம் வழமைதானே" என்று யார் சொன்னாலும் பேசாமல் இருந்துவிடாதீர்கள்.